மார்கெந்தாவ் பற்றி ஆய்வேடு: நினைவுக்குறிப்பு மட்டும் போதுமா?

கேள்வி: வரலாறு முதுகலை படிக்கிறேன். 1913 முதல் 1916 வரை ஒட்டோமான் பேரரசில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கெந்தாவ் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். கையில் அவருடைய நினைவுக்குறிப்பு நூல் மட்டுமே இருக்கிறது. அதை வைத்தே எழுதிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்த நூல் 1918இல் வந்தது. ஒட்டோமானின் கூட்டாளியான ஜெர்மனிக்கு எதிராக அமெரிக்கா போரில் இறங்கிவிட்ட நேரம். எழுத்தில் பர்ட்டன் ஹென்ட்ரிக் என்ற பத்திரிகையாளரின் கையும் உண்டு. ஒட்டோமான் உள்துறை அமைச்சர் தலாத் பாஷாவோடு பேசியதெல்லாம் மேற்கோள் குறிக்குள் வருகிறதே, அவை ஆண்டுகள் கழித்துக் கோத்த வசனங்கள். அதற்காக, அந்தப் போர்க்காலத்தில் ஒட்டோமான் ஆட்சியில் நடந்த ஆர்மீனியர் படுகொலையே கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். அன்றன்றைக்கு எழுதிய சான்று தனியே இருக்கிறது.

முதலில் தந்திகள். 1915 ஜூலை 16 அன்று வாஷிங்டனுக்கு அவர் அனுப்பிய தந்தியில், கலகத்துக்குப் பதிலடி என்ற சாக்கில் ஓர் இனத்தையே அழிக்கும் வேலை நடக்கிறது என்று தெரிவிக்கிறார். அதன் கோப்பு எண் 867.4016/76. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: 8 என்றால் உள்நாட்டு விவகாரம், 67 துருக்கி, 4016 இனப் பிரச்சினை, சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது ஆவண வரிசை எண். மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், வெளியுறவுத் துறைக் கோப்புகளான 59ஆம் தொகுதியைக் கேளுங்கள். அச்சில் வந்த அரசுத் தொகுப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள அவருடைய நாட்குறிப்பு. நூலில் வரும் ஒவ்வோர் உரையாடலையும் அதே தேதிக் குறிப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது கூடியிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்பதே உங்கள் ஆய்வேட்டின் உயிர்.

வாழ்க்கை விவரம் சுருக்கமாகப் போதும்: 1856இல் மான்ஹைமில் பிறப்பு, 10 வயதில் நியூயார்க், வழக்கறிஞர், நிலவணிகம், 1912இல் வுட்ரோ வில்சனின் அதிபர் தேர்தலுக்கு நிதி திரட்டியவர். யூதரான அவர், தூதர் பதவி யூதர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது போலத் தோன்றியதால் முதலில் தயங்கினார். இதை விட்டுவிடாதீர்கள். நூலகப் பட்டியலில் தேடும்போது, அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நிதியமைச்சராக இருந்த, அதே பெயர் கொண்ட மகனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. தூதர் மார்கெந்தாவ் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்தார். கண்ணால் கண்டவர்கள் மாகாணத் துணைத் தூதர்கள். அவர்களில் ஒருவர், கிழக்கு அனத்தோலியாவின் ஹார்புட்டில் இருந்த லெஸ்லி டேவிஸ்; குதிரையேறிப் போய்க் கோல்ஜுக் ஏரிக்கரையில் ஆர்மீனியர்களின் பிணங்களைப் பார்த்தவர். அவர் 1918இல் எழுதிக்கொடுத்த அறிக்கை 1989இல்தான் நூலானது. அதையும் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.