மருமகளின் பாட்டியைத் தேடி

கேள்வி: என் மருமகளை வெள்ளைக்காரப் பெண் என்றே நினைத்திருந்தோம். அவள் அம்மா இறந்தபின் பெட்டியில் கிடைத்த ஒரு கடிதத்தில்தான் தெரிந்தது, அவள் பாட்டி ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண் என்று. 1926-ல், எட்டு வயதில், தாயிடமிருந்து பிரித்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கூட்டமண்ட்ரா என்ற ஊரில் ஒரு விடுதியில் போட்டிருக்கிறார்கள். இப்போது மருமகள் இரவெல்லாம் கணினி முன் உட்கார்ந்து தேடுகிறாள், அழுகிறாள். மகன் "பழசைக் கிளறாதே" என்கிறான். உறவுக்காரர்களோ "இவ்வளவு வெள்ளையாக இருக்கிறாளே" என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு மாமியார், சிட்னி

பதில்: அம்மா, இது அவ்வளவு பழசில்லை என்று மகனிடம் சொல்லுங்கள். நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போன வாரியத்தைக் கலைத்தது 1969-ல்தான். நீங்கள் பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலமாக இருக்கும்.

1915-ல் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றத்துக்குப் போகாமலே பிள்ளையை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை வாரியத்துக்குக் கொடுத்தார்கள். கூட்டமண்ட்ராவில், பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், பெண் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை பழக்கி வெள்ளையர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். கூலியில் பெரும்பகுதி வாரியத்தின் கணக்குக்குப் போனது. பிள்ளைகள் கையில் சில்லறைதான்.

உறவுக்காரர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. வெளிர்நிறப் பிள்ளைகளைத்தான் குறிவைத்து எடுத்தார்கள், வெள்ளையரோடு கரைந்துபோகட்டும் என்று. அவளுடைய நிறத்தைக் காட்டி "நீ பூர்வகுடியா?" என்று கேட்பது, வாரியம் நினைத்ததை இன்று நாம் முடித்துக்கொடுப்பது போலாகும். அரை, கால் என்று ரத்தத்துக்குக் கணக்குப் போடும் பேச்சும் உங்கள் வீட்டில் வேண்டாம்.

தேடுவதற்கு வழி இருக்கிறது. 1916 முதல் 1928 வரை பிரிக்கப்பட்ட பிள்ளைகளின் பதிவேடு அழியாமல் இருக்கிறது. பாட்டியின் ஆண்டு அதற்குள்தான் வருகிறது. மாநில அரசின் பூர்வகுடி விவகாரத் துறையில் குடும்பப் பதிவேடுகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. வாரிசு என்ற முறையில் மருமகள் அங்கே விண்ணப்பிக்கலாம். பெயரை வேறு வேறு எழுத்தில் எழுதியிருப்பார்கள், மாற்றியும் இருப்பார்கள். வயது பல இடங்களில் குத்துமதிப்பு. அதனால் பெயரை மட்டும் நம்பாமல், பாட்டி எந்த ஊரிலிருந்து, எந்தக் குடியிருப்பிலிருந்து போனார் என்பதையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். கான்பராவில் உள்ள அயாட்சிஸ் (AIATSIS) என்ற பூர்வகுடி ஆய்வு நிறுவனத்திலும் பூர்வகுடிக் குடும்ப வரலாற்றுக்கு உதவுகிறார்கள்.

ஆனால் அந்தத் தாள்களை அவள் தனியாகப் படிக்கக் கூடாது. எழுதியவர்கள் பிள்ளையைப் பறித்தவர்கள். தாயைப் பற்றி இழிவாகத்தான் எழுதியிருப்பார்கள். பிள்ளையை ஏன் எடுத்தோம் என்று காரணம் எழுத வேண்டிய இடத்தில், சில அதிகாரிகள் 'பூர்வகுடி என்பதால்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நான் அன்று வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. சொந்தப் பாட்டியின் பெயருக்கு நேரே அப்படி ஒரு வரி இருந்தால் அவள் எப்படித் தாங்குவாள்? லிங்க்-அப் என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. கூட்டமண்ட்ராவிலேயே வளர்ந்த கோரல் எட்வர்ட்ஸும் வரலாற்றாசிரியர் பீட்டர் ரீடும் 1980-ல் தொடங்கியது. தேட உதவுவார்கள், மனம் உடைகிற நேரத்தில் கூட இருப்பார்கள், சொந்தக்காரர்களைச் சந்திக்கப் போகும்போது துணைக்கும் வருவார்கள்.

நம் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதானே கேட்போம்? பூர்வகுடிப் பெரியவர்களும் அதைத்தான் கேட்பார்கள்: "உன் ஜனம் யார்?" இன்று உங்கள் மருமகளிடம் அதற்குப் பதில் இல்லை. பாட்டியின் ஊர் தெரிந்தபின், அங்குள்ள பெரியவர்கள் அவளைத் தங்கள் பிள்ளை என்று ஏற்க நாளாகலாம். அவசரப்படுத்தாதீர்கள்.

பதிவேடு வரும் நாளில் மகனை வேலைக்கு விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உறையை அவளே பிரிக்கட்டும்.