நெல்லுக்குள் தெளித்த உளுந்து

கேள்வி: எனக்கு 27 வயது. நீடாமங்கலம் பக்கம் சொந்த ஊர். சென்னையில் கணக்கு எழுதும் வேலை. கல்லூரி நாளிலிருந்து கவிதை எழுதுகிறேன். கிடாரில் மெட்டுப் போட்டு, வரிகளும் நானே எழுதி, இருபது பாட்டுக்கு மேல் வைத்திருக்கிறேன். இரண்டு குறும்படங்களில் என் பாட்டு வந்திருக்கிறது. வாட்டர்கலரில் படமும் வரைவேன். எட்டு மாதமாக ஒரு பாட்டுகூட வரவில்லை. ராத்திரி உட்கார்ந்தால் கை தூரிகையைத்தான் எடுக்கிறது. "அகலக்கால் வைக்காதே, ஒன்றைப் பிடி" என்கிறார் அண்ணன். பாட்டு என்னை விட்டுப் போய்விட்டதா? மூன்றில் எதை விடுவது? (ஒரு கவிதையும் ஒரு படமும் இணைத்திருக்கிறேன்.)
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: எதையும் விடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் பேசலாம்.

நீடாமங்கலம் என்கிறீர்கள். அப்படியானால் இதைச் சின்ன வயதிலேயே பார்த்திருப்பீர்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நெல் நிற்கிற வயலுக்குள் இறங்கி உளுந்தைத் தெளிப்பார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். நெல்லை அறுத்துக் கரையேற்றும்போது தாளடியில் உளுந்து இலை விட்டிருக்கும். மிச்ச ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். நெல் உறிஞ்சிய மண்ணுக்குத் தழைச்சத்தையும் திருப்பிக் கொடுக்கும். உளுந்து நிற்கிற வயலைப் பார்த்து, இந்த நிலத்தில் இனி நெல் வராது என்று ஊரில் யாராவது சொல்வார்களா?

கனடாவின் பாடகி ஜோனி மிட்செல் தன் வாழ்க்கையைப் பற்றி இதையேதான் சொன்னார். ஒரு ஆல்பம் முடிந்தால் அடுத்து ஓவியக் காலம். அது நல்ல பயிர் மாற்று என்றார். கோதுமை விளையும் சஸ்காட்சுவான் சமவெளியில் வளர்ந்தவர், அதனால் அந்த வார்த்தை அவருக்கு இயல்பாக வந்திருக்கிறது. பாட்டெழுத்தில் இருபதாம் நூற்றாண்டின் பெரிய பெயர்களில் அவருடையது ஒன்று. ஆனாலும் தன்னை முதலில் ஓவியர் என்றே சொல்லிக்கொண்டார். சூழ்நிலைதான் தன்னை இசைப் பக்கம் திருப்பிவிட்டது என்பார்.

அது வெறும் பேச்சில்லை. 1943இல் பிறந்தவர், ஒன்பது வயதில் போலியோ. கால்கரியில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து ஒரே வருடத்தில் வெளியே வந்துவிட்டார். காபிக் கடைகளில் பாடிப் பிழைத்தார். போலியோவால் இடது கையில் பலம் குறைவு. வழக்கமான கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளைப் பிடிக்க விரல் வளையவில்லை. நீங்கள் கிடார் வாசிப்பவர், உங்களுக்கு இது உடனே புரியும்: கைக்குத் தோதாகக் கம்பிகளின் சுருதியையே மாற்றி வைத்துக்கொண்டார். இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதி அமைப்புகள். அவர் பாட்டுகளில் வேறெங்கும் கேட்காத அந்தக் கார்டுகள் இப்படித்தான் பிறந்தன.

என் மேசையில் எப்போதும் அவருடைய இரண்டு ஆல்பங்களின் அட்டைகள் இருக்கும். இரண்டும் அவரே வரைந்த தன் முகம். 1969இல் வந்த முதலாவதில் ஓர் இளம்பெண், கையில் சிவப்பு லில்லிப் பூ, நம்மை நேராகப் பார்க்கிறாள். பின்னால் சஸ்கட்டூன் நகரத்து ஆறு. 2000இல் வந்த இரண்டாவதில் ஐம்பத்தைந்து தாண்டிய பெண்மணி. விரலிடுக்கில் சிகரெட், முன்னால் மதுக் கோப்பை. இரண்டு ஆல்பத்திலும் கடைசிப் பாட்டு ஒன்றுதான். 23 வயதில் அவர் எழுதிய ‘போத் சைட்ஸ் நவ்’. மேகத்தை, காதலை, வாழ்க்கையை இரு பக்கமும் பார்த்தாயிற்று, இன்னும் ஒன்றும் புரியவில்லை என்கிற பாட்டு. சின்னப் பெண் பாடும்போது அழகாக இருக்கிறது. கரகரத்த குரலில் அதே வரிகள் வரும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்துக்கொள்ளும். வரி மாறவே இல்லை. நடுவில் போன முப்பது வருடத்தை அந்த இரண்டு முகங்களில் பார்க்கலாம். ஓவியத்தை அவர் கைவிட்டிருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்காது.

இப்போது உங்கள் கவிதைக்கு வருகிறேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜோனிக்கு ஏழாம் வகுப்பில் ஆர்தர் க்ராட்ஸ்மன் என்று ஓர் ஆசிரியர். பள்ளிச் சுவரில் அவள் தன் படங்களை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, தூரிகையால் வரைய முடிந்தால் வார்த்தையாலும் வரையலாமே என்றார். அப்புறம் அவள் குதிரையைப் பற்றி ஒரு கவிதை எழுதிக் கொடுத்தபோது, தேய்ந்துபோன சொற்களை எல்லாம் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். 1968இல் வந்த தன் முதல் ஆல்பத்தை, வார்த்தைகளை நேசிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று சொல்லி அவருக்குத்தான் காணிக்கையாக்கினார் ஜோனி.

உங்கள் கவிதையில் நானும் வட்டம் போட்டேன். ‘மௌனத்தின் சிறகுகள்’, ‘ஈரமான நினைவுகள்’, ‘தொலைந்த நிலா’. பன்னிரண்டு வரியில் ஏழு வட்டம். படத்தில் ஒன்றுகூட இல்லை. ரயில் நிலையப் பெஞ்சில் யாரோ விட்டுப்போன ஒரு தூக்குவாளி. மூடியின் ஓரத்தில் சின்ன நசுங்கல். அதில் மட்டும் வெளிச்சம் திரும்பி விழுகிறது. கைப்பிடியில் சுற்றிய சிவப்புத் துணி சாயம் போயிருக்கிறது. எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறீர்கள்! இந்த எட்டு மாதத்தில் உங்கள் கண் வளர்ந்திருக்கிறது, சொல் பழைய இடத்திலேயே நிற்கிறது. கை தூரிகையை எடுப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். பழைய சொற்களில் பாட உங்களுக்கே சலித்துவிட்டது.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே ராத்திரியில் மூன்றையும் தொட்டால் மூன்றும் அரைகுறையாகும். ஒரு காலத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மற்றவை மண்ணுக்குள் கிடக்கட்டும். அவர் கவலை பணத்தைப் பற்றியும் இருக்கும். கணக்கு வேலையை விடாதீர்கள். இன்னொன்று, குறும்படத்துக்குப் பாட்டுக் கொடுக்கும்போது நட்புக்காக என்றாலும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்தில் வரும் பாட்டு தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. உங்கள் விஷயத்தில் இரண்டும் நீங்களே. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராவது பற்றியும் விசாரியுங்கள்.

மூன்றும் ஒன்றாகச் சேரும் இடமும் ஒன்று உண்டு. 1971 கிறிஸ்துமஸுக்கு ஜோனி நண்பர்களுக்காக ஒரு புத்தகம் செய்தார். பாட்டு வரிகள் அவர் கையெழுத்தில், கூடவே அவர் படங்கள். நூறே பிரதிகள். கடைக்கு வந்தது 2019இல்தான். நீங்கள் பத்துப் பிரதி போடுங்கள். ஜெராக்ஸ் கடையும் நூல் தையலும் போதும். இடப்பக்கம் பாட்டு, வலப்பக்கம் படம். எங்கே படம் பேசுகிறது, எங்கே வரி ஊமையாக நிற்கிறது என்பது பக்கத்தைத் திருப்பும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பாட்டு போய்விட்டதா என்று கேட்டீர்களே. 2015இல் ஜோனிக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. நடப்பதையே மறுபடி கற்க வேண்டியிருந்தது. கிடாரில் விரலை எங்கே வைப்பது என்று தன்னுடைய பழைய வீடியோக்களைப் பார்த்துப் பழகினார். 2022 ஜூலையில் நியூபோர்ட் இசை விழா மேடையில் எழுந்து நின்று தனியாக வாசித்தார். அப்போது அவருக்கு 78 வயது. உங்களுக்கு ஆகியிருப்பது எட்டு மாதம்.

அந்தத் தூக்குவாளி யாருடையது? அதைச் சொல்லாமலே கடிதத்தை முடித்துவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், நிலாவும் மௌனமும் இல்லாமல்.