மாமா காட்டும் சாம்பியனும் மூணு வட்டிக் கடனும்

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. பாளையங்கோட்டையில் பயிற்சி எடுத்து, 18 முடிந்த கையோடு தொழில்முறை குத்துச்சண்டைக்குப் போய்விட்டான். ஒரு சண்டைக்கு 40,000 ரூபாய்; வருடத்துக்கு நாலு சண்டை கிடைத்தால் அதிகம். தாய்மாமாதான் மேனேஜர். தம்பிக்கு 17 வயது இருக்கும்போதே, வருமானத்தில் 30 சதவீதம் தனக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். அடுத்த சண்டையைக் காட்டி அவன் பெயரில் மூணு வட்டிக்கு வாங்கி வாங்கி, கடன் 2 லட்சத்தில் நிற்கிறது. கேட்டால், "மெக்சிகோல கனெலோ 15 வயசுலயே எறங்கிக் கோடி கோடியாச் சம்பாதிக்காம்லா" என்கிறார். அம்மா பீடி சுற்றுகிறார். நான் தனியார் பள்ளி ஆசிரியை. என் கல்யாணத்துக்கென்று 5 பவுன் இருக்கிறது. தம்பி பெயரில் யூலிப் (இன்சூரன்ஸும் முதலீடும் சேர்ந்த பாலிசி) போடச் சொல்கிறார் ஏஜென்ட். போடலாமா?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: யூலிப்பை விடுங்கள் அம்மா. மூணு வட்டி கட்டுகிற வீட்டில் போய் ஐந்து வருடம் பணத்தைப் பூட்டி வைக்கச் சொல்கிறாரே, அந்த ஏஜென்ட்டுக்கு நல்ல தைரியம்.

வரவு நாலு சண்டைக்கு 1,60,000. மாமா பங்கு 48,000, நூற்றுக்கு மாதம் மூணு ரூபாய் கணக்கில் வட்டி 72,000 போனால் மிஞ்சுவது 40,000. முட்டை, கோழி, கைக்கட்டு, பஸ், ரயில் என்று மாதம் 8,000 வைத்தாலும் வருடத்துக்கு 96,000 ஆகிறது. 56,000 துண்டு விழுகிறது. அதற்குத்தான் அடுத்த கடன். தம்பி ஜெயித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இன்னும் நடக்காத சண்டையின் பணத்தை இன்றே செலவழிப்பதுதான் உங்கள் வீட்டு நோய்.

கனெலோ 2005-ல் 15 வயதில் இறங்கியது உண்மைதான். அதே 15 வயதில் 1973-ல் இறங்கிய போர்ட்டோ ரிக்கோவின் வில்ஃபிரெட் பெனிடெஸைப் பற்றி மாமா சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு அப்பாவே மேனேஜர். 17 வயதில் உலக சாம்பியன். பின்னாளில் வாங்கிய அடிகளால் மூளை பாதித்து, சம்பாதித்ததும் கரைந்து, குடும்பத்தார் பராமரிப்பில் வாழ வேண்டியதாயிற்று. 18-ல் இறங்கி 20-ல் சாம்பியனான மைக் டைசன் சம்பாதிக்காத பணமா? 2003-ல் திவால் மனு கொடுத்தார். பெரிய வருமானம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, காகிதங்களுக்கு வருவோம். 17 வயதில் போட்ட கையெழுத்து செல்லாது. மைனர் போட்ட ஒப்பந்தத்துக்கு உயிரே கிடையாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்பு இருக்கிறது. 18 ஆனபிறகு அதே தாளை ஒப்புக்கொண்டாலும் உயிர் வராது. ஆனால் 18-க்குப் பிறகு புதிதாக எதிலாவது கையெழுத்து போட்டிருந்தால் கதை வேறு. கடனுக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டு அப்படித்தான் இருக்கும். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து மட்டும் வாங்கி, தொகையை வெறுமனே விட்டிருக்கிறார்களா என்று தம்பியைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் வாங்குவார்கள்.

அப்புறம் உங்கள் 5 பவுன். கல்யாண நகையைத் தொடச் சொல்ல எனக்கே மனசில்லை. ஆனாலும் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ 10 சதவீதம் போல வட்டிக்கு அடகு வைத்து மூணு வட்டியை அடைத்தால், 72,000 போகிற இடத்தில் 20,000-தான் போகும். மாமா பங்கும் நின்றால், சாப்பாட்டுச் செலவு போக முதல் வருடமே 44,000 அசலில் கழியும். நாலு வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். வருடத்தில் ஒரு சண்டை தவறினால் அந்த வருடம் அசலில் ஒன்றும் பெரிதாகக் கழியாது, அதையும் மனதில் வையுங்கள். இனி யாரும் அவன் பெயரில் கடன் வாங்குவதில்லை என்று அம்மா தன் தம்பியிடம் நேரில் சொல்லட்டும். அதற்கு மாமா சம்மதிக்காவிட்டால் நகையை வெளியே எடுக்காதீர்கள்.

மெடிக்கல் பாலிசி வேண்டும்தான். ஆனால் ஆபத்தான விளையாட்டைத் தொழிலாகச் செய்பவர்களுக்குப் பல பாலிசிகளில் விலக்கு உண்டு. குத்துச்சண்டை காயத்துக்குப் பணம் தருவார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பிரீமியம் கட்டுங்கள். சண்டைப் பணத்தில் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்கென்று முன்கூட்டியே பணம், பிடித்திருந்தால், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

கடன்காரர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். அடைக்கப் போகும்போது சாட்சிக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். அசல் புரோநோட்டு கைக்கு வராமல் பணத்தை எண்ணி வைக்காதீர்கள். ஜெராக்ஸ் தந்தால் வாங்காதீர்கள்.