பெயர் சொல்லாமல் வைஃபையில் நுழைய முடியுமா?

கேள்வி: எங்கள் கல்லூரி வைஃபையில் பதிவெண் கொடுத்தால்தான் இணைப்புக் கிடைக்கிறது. இக்கல்லூரி மாணவி என்பதை மட்டும் நிரூபித்து, இன்னார் என்பதை மறைக்க வழி உண்டா? (மாணவி ஒருவர்)

பதில்: உண்டு. டேவிட் சௌமும் யூஜீன் வான் ஹெய்ஸ்டும் 1991-இல் முன்வைத்த ‘குழுக் கையொப்பம்’ இதற்குப் பொருந்தும். வழக்கமான டிஜிட்டல் கையொப்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொதுத் திறவி (கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும், யாவரும் அறியக்கூடிய எண்) இருப்பதால், சரிபார்க்கும்போதே ஆள் யார் என்பது தெரிந்துவிடும். குழுக் கையொப்பத்திலோ ஒவ்வொரு உறுப்பினரிடமும் கையொப்பமிடத் தனக்கென ஓர் இரகசியத் திறவி இருக்கும். ஆனால் குழு முழுமைக்கும் பொதுத் திறவி ஒன்றே. ஆகவே கையொப்பமிட்டவர் உறுப்பினர் என்பது உறுதியாகும். எந்த உறுப்பினர் என்பது வெளிப்படாது.

முறைகேடு நேர்ந்தால் பெயரை வெளிக்கொணரும் சிறப்புத் திறவி ஒன்றும் இதில் உண்டு. அது யார் கையில் இருக்கிறது என்பதே, என் பார்வையில், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. வலையை நடத்துபவரிடமே அதையும் ஒப்படைத்தால், அவரைப் பொறுத்தவரை உங்கள் பெயர் மறைந்திருப்பதாகச் சொல்ல முடியாது. உறுப்பினரைச் சேர்க்கும் பொறுப்பையும் பெயரைத் திறக்கும் பொறுப்பையும் வெவ்வேறு கைகளில் பிரித்துவைக்கும் வடிவங்கள் ஆய்வில் உள்ளன. கல்லூரிகள் அவற்றையே நாட வேண்டும். ரிவெஸ்ட், ஷமீர், டௌமன் ஆகியோர் 2001-இல் தந்த, அதேபோல் ஒருவரைக் குழுவுக்குள் மறைக்கும் ‘வளையக் கையொப்பத்தில்’ பெயரைத் திறப்பவரே கிடையாது என்பதால், பொறுப்புக்கூறல் தேவைப்படும் இடத்துக்கு அது ஒத்துவராது.

கையொப்பம் மறைத்ததைக் கருவியின் மேக் முகவரி (வலையில் அக்கருவியை அடையாளம் காட்டும் எண்) காட்டிக்கொடுத்துவிடலாம். அதையும் அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இதனால் வைஃபையின் வேகம் குறையாதா? (அதே மாணவி)

பதில்: பெரிதாகக் குறையாது. வைஃபையில் அனைவரும் ஒரே அலைவரிசையைப் பகிர்வதால், ஒருவர் அனுப்பும்போது மற்றவர்கள் காத்திருக்க நேர்கிறது. சிறுசிறு பொதிகள் (தரவுத் துண்டுகள்) பெருகப் பெருக, தரவு அனுப்பும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே மிகுந்துவிடும். 2021-இல் ஏற்கப்பட்ட 802.11ஏஎக்ஸ் (வைஃபை 6) தரநிலை, 20 மெகாஹெர்ட்ஸ் தடமொன்றைக் கூறுபோட்டு ஒரே வேளையில் ஒன்பது கருவிகள் வரை பயன்படுத்த இடமளித்து, இந்த விரயத்தைப் பெரிதும் தணிக்கிறது. போனே, போயன், ஷாக்கம் ஆகியோர் 2004-இல் வடிவமைத்த குழுக் கையொப்பம் 200 பைட்டுக்கும் குறைவானது. அதுவும் இணையும்போது ஒருமுறை அனுப்பினால் போதும்.

உண்மையான சுமை, உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்குவதில்தான் இருக்கிறது. படிப்பு முடித்து வெளியேறியவரின் திறவி செல்லாது என்பதை அறிய, சில முறைகளில் நீக்கப்பட்டோர் பட்டியலின் ஒவ்வொரு பதிவோடும் கையொப்பத்தை ஒப்பிட்டாக வேண்டும். பட்டியல் நீள நீளச் சரிபார்ப்பும் தாமதமாகும். பருவத்துக்கு ஒருமுறை திறவிகளைப் புதிதாக வழங்கி, பழையவை தாமாகவே காலாவதியாகும்படி செய்தால் அந்தப் பட்டியலைச் சிறியதாகவே வைத்திருக்கலாம்.