திருமணக் கடமையும் மணவிலக்கும்: வேதாகமக் கேள்வி பதில்

கேள்வி: எபேசியர் 5:22 மனைவியைக் கீழ்ப்படியச் சொல்கிறது. என் மனைவி கேட்பதில்லையே?

பதில்: 21ஆம் வசனத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லித்தான் பவுல் தொடங்குகிறார். 25ஆம் வசனம் உங்களுக்கு: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல அன்புகூருங்கள். மனைவிக்கு எழுதியதை மனைவி வாசித்துக்கொள்வார்.

கேள்வி: தாம்பத்திய உறவை மறுப்பது பாவமா?

பதில்: 1 கொரிந்தியர் 7:3-5 முழுவதையும் வாசியுங்கள். மனைவியின் சரீரத்தின்மேல் கணவனுக்கு அதிகாரம் என்ற கையோடு, கணவனின் சரீரத்தின்மேல் மனைவிக்கும் அதே அதிகாரம் என்கிறார். விலகியிருப்பதென்றால் இருவர் சம்மதத்தோடு, சில காலம், ஜெபத்துக்காக. கட்டாயப்படுத்த அங்கே இடமில்லை.

கேள்வி: மணவிலக்குக்கு விபசாரம் மட்டும்தானே காரணம்?

பதில்: மத்தேயு 19இல் பரிசேயர் கேட்டது, எந்தக் காரணத்துக்காகவும் மனைவியைத் தள்ளிவிடலாமா என்று. உபாகமம் 24:1ஐ வைத்து நடந்த பழைய வழக்கு அது. யூத ரபிகளில் இரு பள்ளிகள்: ஒழுக்கக்கேடு இருந்தால் மட்டும் என்றது ஷம்மாய் பள்ளி. சமையலைத் தீய்த்தாலே போதும் என்றது ஹில்லேல் பள்ளி. இயேசு பேச்சை ஆதியாகமத்துக்குக் கொண்டுபோகிறார். தள்ளுதற்சீட்டை, அதாவது மணவிலக்குப் பத்திரத்தை, மோசே அனுமதித்தது உங்கள் இருதயகடினத்தால் என்கிறார். விபசாரம் என்ற விதிவிலக்கு மத்தேயுவில் மட்டும் உண்டு. மாற்கு 10இலும் லூக்கா 16:18இலும் இல்லை. சபைகள் பிரிவதும் இங்கேதான். கத்தோலிக்கம் மணவிலக்கை ஏற்பதில்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகள் மறுமணத்தை மனந்திரும்புதலின் ஜெபங்களோடு அனுமதிக்கின்றன. பிரஸ்பிட்டேரியன் சபைகளின் 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை விபசாரத்தோடு கைவிட்டுப் போவதையும் சேர்த்தது.

கேள்வி: கணவர் அடிக்கிறார். விபசாரம் இல்லை. சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பிரிந்திருக்கும் மனைவியைப் பற்றி பவுலே 1 கொரிந்தியர் 7:11இல் பேசுகிறார். மணவிலக்கை ஏற்காத கத்தோலிக்கச் சட்டம்கூட, கடும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழலாம் என்கிறது (எண் 1153).

குறுக்கே ஒருவர்: 1 பேதுரு 3:1 பொறுத்துப்போகச் சொல்கிறதே, ஐயா!

பதில்: மறுபடியும் பாதி அதிகாரம். 7ஆம் வசனத்தில் மனைவியைக் கனம்பண்ணாத கணவனின் ஜெபமே தடைபடுகிறது.

மீண்டும் அவரே: அடிக்குப் பிரிய வசனம் காட்டுங்கள்.

பதில்: யாத்திராகமம் 21:10-11. அடிமையாக விற்கப்பட்டு மனைவியானவளுக்கு உணவோ உடையோ விவாகக் கடமையோ குறைந்தால், பணம் கொடுக்காமலே விடுதலையாகப் போகலாம். அவளுக்கே திறந்த கதவை இந்தச் சகோதரிக்கு நீங்கள் அடைக்கிறீர்கள். இதை மணவிலக்குக்கு ஆதாரமாக எல்லா அறிஞர்களும் ஏற்பதில்லை, சரி. ஆனால் அடிபட்டுக்கொண்டே இருக்கச் சொல்லும் வசனத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கேள்வி: விபசாரம் தவிர வேறு காரணம் உண்டா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: மறுமணம் செய்யலாமா?

பதில்: அதுவும் மேலேயே. எந்தச் சபை என்று சொல்லாமல் கேட்காதீர்கள்.

கேள்வி: விசுவாசியல்லாத கணவர் விட்டுப் போய்விட்டார்.

பதில்: 1 கொரிந்தியர் 7:15. போகட்டும், நீங்கள் அடிமைப்பட்டவரல்ல.

கேள்வி: ஜீவனாம்சம் எவ்வளவு கேட்கலாம்?

பதில்: வக்கீலைப் பாருங்கள்.