பையனை ரக்பியில் சேர்ப்பதா, கால்பந்திலா?

தம்பி, காவேரிப்பட்டணத்திலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மாதக் கடைசியில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் ஹாமில்டன் ஊருக்குக் கிளம்புகிறீர்கள், பையனுக்கு ஒன்பது வயது. அங்கே முன்பே குடியேறிவிட்ட உங்கள் சொந்தக்காரர், "அவனை ரக்பியில் போடு, அதுதான் ஆம்பிளை விளையாட்டு, கால்பந்து ஆடுகிறவன் எல்லாம் தொட்டாலே உருண்டு நடிப்பான்" என்கிறார். உங்கள் அம்மா செல்போனில் ஒரு ரக்பி வீடியோவைப் பார்த்துவிட்டு, பேரனை அதில் விடவே கூடாது என்கிறார். எது கடினமான ஆட்டம், எதில் நேர்மை அதிகம், பையனை எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஹாமில்டனில் பல வருடமாக இருப்பவன். என் மகள் ரக்பியும் மகன் கால்பந்தும் ஆடி வளர்ந்தார்கள். பொங்கல் வரை பாலக்கோட்டில் விடுமுறையில் இருப்பதால் நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

ஒரு பழைய வாசகம் உங்கள் காதிலும் சீக்கிரம் விழும். கால்பந்து கனவான்களுக்கான ஆட்டம், ஆடுவது ரவுடிகள். ரக்பி ரவுடிகளுக்கான ஆட்டம், ஆடுவது கனவான்கள் என்பார்கள். வேலை செய்யும் இடத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. இரண்டையும் ஆடுவது ஒரே தெருப் பிள்ளைகள்தான். ஒரு ஆட்டம் எதைத் தண்டிக்கிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆடுகிறவர்களின் நடத்தை அமைகிறது.

முதலில் அம்மாவுக்கு ரக்பியைப் புரியவைக்க வேண்டும். அதற்குக் கபடியிலிருந்து ஆரம்பியுங்கள். பாடி வருகிறவனை இடுப்பிலோ கணுக்காலிலோ பிடித்து மடக்குவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரக்பியில் பந்து யார் கையில் இருக்கிறதோ அவரை மட்டும்தான் அப்படிப் பிடிக்கலாம். கீழே விழுந்தவர் பந்தை விட்டுவிட வேண்டும், பிடித்தவரும் பிடியை விட வேண்டும். பந்தைக் கையால் பின்பக்கம்தான் எறியலாம். ஒரு பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிட ஆட்டம். கபடியில் வாயைப் பொத்துவதும் முடியைப் பிடிப்பதும் தவறு என்பதுபோல, ரக்பியில் தோளுக்கு மேலே பிடிப்பது தவறு. மஞ்சள் அட்டை விழுந்தால் 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அணி ஒரு ஆள் குறைந்து ஆடும். அம்மா பார்த்த வீடியோவில் இதெல்லாம் இருந்திருக்காது. மோதல்களை மட்டும் வெட்டி ஒட்டியிருப்பார்கள்.

கடினம் என்பதில் இரண்டும் வேறு வேறு வகை. பெரிய கால்பந்து ஆட்டத்தில் ஒருவர் 10 கிலோமீட்டருக்கு மேலும் ஓடுவார். ஓடும்போதே சட்டென்று திரும்ப வேண்டும், முழங்கால் தசைநார் போவது அப்படித்தான். ரக்பியில் ஓட்டம் அதைவிடக் குறைவு, ஆனால் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் திரும்பத் திரும்ப மோதிக்கொள்கிறார்கள். ஒரு மோதலின் வலியை வைத்துப் பார்த்தால் ரக்பிதான் கடினம், அதில் சந்தேகமே இல்லை. அதற்காகக் கால்பந்து ஆடுகிறவர் மென்மையானவர் என்பது அநியாயமான பேச்சு.

நியூசிலாந்தில் ரக்பி வீரர் பக் ஷெல்ஃபர்டின் கதையைச் சொல்லாத ஆள் கிடையாது. 1986-ல் பிரான்சின் நான்ட் நகரில் நடந்த ஆட்டத்தில் அவருக்குப் பற்கள் போயின, விதைப்பை கிழிந்தது. ஓரத்தில் தையல் போட்டுக்கொண்டு மறுபடி களத்துக்குப் போனார். அப்புறம் தலையில் அடிபட்டுத்தான் வெளியே வந்தார். நியூசிலாந்து ரக்பி அணித்தலைவர் ரிச்சி மெக்காவ் 2011 உலகக் கோப்பையை உடைந்த பாத எலும்போடு ஆடி முடித்தார், இறுதி ஆட்டத்தில் பிரான்சை 8-7 என்று வென்றார்கள். சரி, கால்பந்தில் இப்படி ஆளே இல்லையா? 1956-ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் கோல்காப்பாளர் பெர்ட் டிராட்மன், எதிரணி வீரரின் முழங்காலில் மோதிய பிறகும் கடைசி வரை நின்று கோலைக் காத்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது சில நாள் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது.

இந்தக் கதைகளைப் பையனுக்கு வீரக் கதையாகச் சொல்லாதீர்கள். இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமானது இதுதான். வலியை மறைத்து ஆடுவதைப் பாராட்டிய காலத்தின் விலையை இப்போது மனிதர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2003-ல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்சனுக்கு அந்த வெற்றியே நினைவில் இல்லை. நியூசிலாந்துக்காக ஆடிய கார்ல் ஹேமனுக்கு 41 வயதிலேயே மறதி நோய் என்று தெரிந்தது. கால்பந்திலும் இது உண்டு. ஜெஃப் ஆஸ்டில் என்ற இங்கிலாந்து வீரர் 2002-ல் 59 வயதில் இறந்தபோது, கனமான தோல் பந்தைப் பல வருடம் தலையால் முட்டியதே காரணம் என்று மரண விசாரணையில் முடிவானது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு அதிகம். அடுத்த வருடமே இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்தினார்கள்.

ஆகவே 'கால்பந்தில் சேர்த்துவிட்டால் தலைக்குப் பயமில்லை' என்று நினைக்க வேண்டாம். ரக்பியில் ஆபத்து கூடுதல், அதைக் கவனிக்கும் ஏற்பாடும் கூடுதல். நியூசிலாந்துக் கிளப் ரக்பியில் நடுவரிடம் நீல அட்டை ஒன்று இருக்கும். தலையில் அடிபட்டதாக அவருக்குச் சந்தேகம் வந்தாலே அதைக் காட்டுவார், ஆடுகிறவர் வெளியே போயாக வேண்டும், குறைந்தது 21 நாள் ஆட்டம் கிடையாது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவரோ, அவருடைய அப்பாவோ சொன்னால் எடுபடாது. கிளப் ஆட்டங்களில் முதலில் பிடிக்க வருகிறவர் மார்பெலும்புக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்று 2023-ல் விதியை இன்னும் இறுக்கினார்கள். பல்லுறை போடாமல் களத்தில் இறங்க முடியாது. பையன் எந்த ஆட்டம் ஆடினாலும், தலையில் அடிபட்டால் உடனே சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னதற்காக அவனைத் திட்டாமல் இருப்பதும் உங்கள் வேலை.

இனி நேர்மைக்கு வருகிறேன். இங்கே உங்கள் சொந்தக்காரர் பாதி சரியாகத்தான் சொல்கிறார். ரக்பியில் நடுவரிடம் பேசுவது அணித்தலைவர் மட்டும்தான். மற்றவர்கள் வாதாடினால் தண்டனை கொடுத்த இடத்திலிருந்து இன்னும் 10 மீட்டர் பின்னால் போகச் சொல்லிவிடுவார். பெரிய ஆட்டங்களில் நடுவர் மைக் மாட்டியிருப்பார், அவர் பேசுவது தொலைக்காட்சியில் அப்படியே கேட்கும். 2015 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் ஹாக் கொஞ்சம் நடித்து விழுந்தார். ஆட்டம் நடந்தது நியூகாசிலில், ஒரு கால்பந்து மைதானத்தில். நடுவர் நைஜல் ஓவன்ஸ் அவரைக் கூப்பிட்டு, இப்படி விழ வேண்டுமென்றால் இரண்டு வாரம் கழித்து இதே மைதானத்துக்கு வந்து ஆடு என்றார். உலகமே அதைக் கேட்டது. அப்படி ஒரு பேச்சு வாங்கிய பிறகு யார் மறுபடி விழுவார்?

கால்பந்தில் நடிப்பு அதிகம் என்பது உண்மைதான். காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு ஆட்டத்தில் இரண்டு மூன்று கோல்தான் விழும், ஒரு பெனால்ட்டி கிடைத்தால் ஆட்டமே மாறிவிடும். விழுந்தால் லாபம், மாட்டிக்கொண்டால் வெறும் மஞ்சள் அட்டை, கால்பந்தில் அது எச்சரிக்கை மட்டும்தான். 2002 உலகக் கோப்பையில் துருக்கி வீரர் அடித்த பந்து காலில் பட்டதற்கு பிரேசில் வீரர் ரிவால்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். எதிராளிக்குச் சிவப்பு அட்டை, இவருக்குப் பிறகு அபராதம் மட்டும்.

ஆனால் அதே கால்பந்தில்தான் 2000-ல் பாவ்லோ டி கானியோ என்ற வீரர், எதிரணியான எவர்ட்டனின் கோல்காப்பாளர் அடிபட்டுக் கிடந்தபோது, கோல் அடிக்க வந்த பந்தைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். ஆட்டம் 1-1 என்று இருந்த கடைசி நேரம் அது. 2012-ல் ஜெர்மன் வீரர் மிரோஸ்லாவ் க்ளோசா, கோல் கொடுக்கப்பட்ட பிறகு நடுவரிடம் போய் 'பந்து என் கையில் பட்டது' என்று சொல்லித் தன் கோலைத் தானே இழந்தார். இவர்களை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. என்னைக் கேட்டால், நேர்மையில் இதற்கு மேல் ஒன்று ரக்பியிலும் கிடையாது.

ரக்பியின் மறுபக்கத்தையும் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள். 2009-ல் ஹார்லிக்வின்ஸ் என்ற லண்டன் அணி ஒரு வீரரின் வாயில் போலி ரத்தக் குப்பியைக் கடிக்க வைத்து, காயம் என்று வெளியே அழைத்து, பந்தை உதைப்பதில் கெட்டிக்காரரைத் திரும்பக் களத்தில் இறக்கியது. ரத்தம் வந்தால் மாற்று ஆள் இறங்கலாம் என்ற விதியில் ஓட்டை இருந்தது, அதில் புகுந்தார்கள். அணியின் இயக்குநர் டீன் ரிச்சர்ட்ஸுக்கு மூன்று வருடத் தடை. ஓட்டை இருக்கிற இடத்தில் ரக்பிக்காரரும் ஏமாற்றத்தான் செய்தார். ஓட்டையை அடைத்தால் கால்பந்துக்காரரும் மாறுகிறார். 2024 ஐரோப்பியக் கோப்பையில், அணித்தலைவர் மட்டுமே நடுவரிடம் போய்ப் பேசலாம் என்று ரக்பி வழக்கத்தை அப்படியே கொண்டுவந்தார்கள். நடுவரைச் சுற்றிக் கூட்டம் கூடுவது கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

இங்கே பொங்கல் கபடிக்கு எல்லைக்கோடு போடும்போதெல்லாம் நான் இதைச் சொல்கிறேன். நம் ஊரில் கோட்டுக்கு வெளியே நிற்கிற அத்தனை பேரும் நடுவர்கள். அணித்தலைவரைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஒரே ஒரு வருடம் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

'ஆம்பிளை விளையாட்டு' என்ற பேச்சை மட்டும் நியூசிலாந்தில் பேசாதீர்கள். அந்த நாட்டுப் பெண்கள் அணி உலகக் கோப்பையை ஆறு முறை வென்றிருக்கிறது. 2022-ல் ஆக்லாந்தில் இங்கிலாந்தை 34-31 என்று தோற்கடித்த இறுதி ஆட்டத்தை நாடே கொண்டாடியது. கால்பந்து ஆடினால் பையனை யாராவது குறைவாக நினைப்பார்களோ என்ற பயமும் வேண்டாம். 2010 உலகக் கோப்பையில் நியூசிலாந்துக் கால்பந்து அணி இத்தாலியோடு உட்பட மூன்று ஆட்டமும் சமன் செய்தது. அந்தப் போட்டியில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஒரே அணி அதுதான். ஆனால் ஹாமில்டன் ரக்பி ஊர் என்பது நிஜம். ஹாமில்டன் இருக்கும் வைகாட்டோ வட்டாரம் பால்பண்ணை நாடு, ரசிகர்கள் கையில் மாட்டுமணியை வைத்து ஆட்டிக்கொண்டிருப்பார்கள். எருதுவிடும் விழா பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

உங்கள் பையனுக்கு வருகிறேன். அங்கே பிள்ளைகள் ஐந்து வயதில் ரிப்பா ரக்பியில் ஆரம்பிக்கிறார்கள். இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும், ஆளைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. ஒன்பது வயதில் பிடித்து ஆடும் ஆட்டம் வந்துவிடும், மற்ற பிள்ளைகள் விழப் பழகியிருப்பார்கள். அதனால் ரக்பி என்று முடிவானால், இவன் புதிது என்று பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லி, விழுவதையும் தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதையும் தனியாகக் கற்றுத்தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அந்தக் கிளப் வேண்டாம்.

செலவைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விபத்துக் காயம் யாருக்குப் பட்டாலும், தவறு யாருடையது என்று பார்க்காமல் ஏ.சி.சி. என்ற அரசு அமைப்பு சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியை ஏற்கும். பெரியவர்கள் அடிபட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால் முதல் வாரத்துக்குப் பிறகு சம்பளத்தில் 80 சதவீதம் வரை கொடுக்கும்.

பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு ஆட்டத்துக்கும் பெயர் பதிவார்கள், ஆட்டம் குளிர்காலச் சனிக்கிழமைக் காலைகளில் நடக்கும். பதியும் முன் இரண்டு கிளப்புக்கும் பையனை ஒரு பயிற்சிக்கு அழைத்துப் போங்கள். களத்தைவிட ஓரத்தில் நிற்கிற பெற்றோரைக் கவனியுங்கள். நடுவரைக் கத்துகிறார்களா, அடுத்த அணிப் பிள்ளை விழுந்தால் பயிற்சியாளர் ஓடிப்போகிறாரா, தோற்ற பிறகு கை கொடுக்கிறார்களா என்று பாருங்கள். அந்த மூன்றும் சரியாக இருந்தால் எந்த ஆட்டம் என்பதைப் பையனே சொல்லட்டும். என் மகள் அப்படித்தான் ரக்பியை எடுத்தாள், நாங்கள் அவளுக்காக யோசித்து வைத்திருந்தது வேறு.

நானும் பொங்கல் முடிந்து ஹாமில்டன் திரும்பிவிடுவேன். வீடு எந்தப் பக்கம் அமைகிறது என்று எழுதுங்கள், அந்தப் பக்கத்துக் கிளப்புகளில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் பயிற்சிக்கு நானும் கூட வருகிறேன்.