முதலிடம் யாருக்கு? திரைப்படப் பட்டியல்கள் பற்றிய கேள்வி பதில்

மும்பையில் வாழும் தமிழ் ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் திரைப்படக் குழுவில், எல்லாக் காலத்துக்கும் சிறந்த படம் எது என்ற தகராறு ஓய்வதாக இல்லை. அதனால் உறுப்பினர்களின் கேள்விகளை ஒன்றாகத் திரட்டி, பதில் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கேட்டவரை அவர் வசிக்கும் பகுதியின் பெயரால் குறித்திருக்கிறேன். நான் படச்சுருள் கழுவும் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு படம் எந்தப் பிரதியில் பார்க்கப்பட்டது, எப்படி எண்ணப்பட்டது என்பவற்றையே நான் முதலில் கேட்பேன் என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள்.

செம்பூர்: ஐயா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். உலகிலேயே தலைசிறந்த படம் எது?

எந்த ஆண்டில், யார் யாரிடம் கேட்டு எண்ணிய கணக்கு என்பதைச் சொன்னால் பதில் சொல்லலாம். பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. இருக்கும் பட்டியல்களில் மதிப்பு மிகுந்தது அதுதான். முதல் வாக்கெடுப்பில் வென்றது இத்தாலியப் படமான ‘பைசிக்கிள் தீவ்ஸ்’. அப்போது அது வெளிவந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1962 முதல் 2002 வரை ஐந்து முறை ‘சிட்டிசன் கேன்’ அசையாமல் முதலிடத்தில் இருந்தது. 2012இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அதை இறக்கிவிட்டு ஏறியது. 2022இல் பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அக்கர்மான் 1975இல் எடுத்த ‘ஜான் டீல்மான்’ முதலிடத்துக்கு வந்தது. ஒரு விதவைத் தாய் உருளைக்கிழங்கு உரிப்பதையும் கட்டிலைச் சரிசெய்வதையும் மூன்று மணி இருபது நிமிடம் பொறுமையாகக் காட்டும் அந்தப் படம், பத்தாண்டுகளுக்கு முன் முதல் முப்பதில்கூட இல்லை.

இந்த ஏற்றத்துக்குக் காரணம் தேடுபவர்கள் வாக்காளர் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 2012இல் வாக்களித்த விமர்சகர்கள் 846 பேர். 2022இல் 1,639 பேர். புதிதாக அழைக்கப்பட்டவர்கள் வேறு நாடுகளையும் வேறு தலைமுறையையும் சேர்ந்தவர்கள், அவர்கள் வளர்ந்தபோது பார்த்த படங்களும் வேறு. அதே இதழ் இயக்குநர்களிடம் தனியாக நடத்திய வாக்கெடுப்பில் 2012இல் ‘டோக்கியோ ஸ்டோரி’யும் 2022இல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யும் வென்றன என்பதால், ஒரே ஆண்டில் ஒரே இதழில் இரண்டு முதலிடங்கள் இருக்கின்றன. வாக்காளர் பத்துப் படங்களை எழுதிக் கொடுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரே மதிப்பு. எனவே முதலிடத்தில் நிற்கும் படம் அதிகம் பேர் தங்கள் பத்துக்குள் சேர்த்த படமே தவிர, அவர்களில் எவருடைய முதல் தேர்வாகவும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆண்டைக் குறிப்பிடாமல் எந்தப் பட்டியலையும் எடுத்துக்காட்டாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

ஆன்டாப் ஹில்: ஐஎம்டிபியில் ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ முதலிடத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கான மக்கள் சொல்வது பொய்யா?

பொய் இல்லை, ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். ஐஎம்டிபி என்பது பார்வையாளர்களே படங்களுக்கு மதிப்பெண் போடும் இணையதளம்; அங்கே கேட்கப்படுவது ‘இந்தப் படத்துக்கு எத்தனை மதிப்பெண்’ என்பது. யாருக்கும் வெறுப்பு வராத படம் அந்தக் கணக்கில் மேலே நிற்கும்; பாதிப் பேர் கொண்டாடி மீதிப் பேர் எழுந்து வெளியேறும் படம் கீழே போய்விடும். வெறும் சராசரியும் அல்ல: 25,000 வாக்குகளாவது பெற்றால்தான் முதல் 250இல் இடம், வாக்கு குறைந்த படத்தைப் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கும் சூத்திரமும் உண்டு. 2008இல் ‘தி டார்க் நைட்’ வெளியான வேகத்தில் முதலிடத்தைப் பிடித்து, பிறகு இறங்கியதை நினைவில் வையுங்கள். ‘ஷாஷாங்க்’ 1994இல் திரையரங்குகளில் கூட்டம் சேர்க்காத படம், ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று ஒன்றைக்கூட வெல்லாத படம். வீடியோவும் தொலைக்காட்சியும்தான் அதை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

டோம்பிவலி: நடிப்பில் சிவாஜி பெரியவரா, மார்லன் பிராண்டோ பெரியவரா?

நடிப்பு என் துறை அல்ல. நாடக அனுபவம் உள்ள உறுப்பினர்களிடம் கேளுங்கள்.

தாராவி: அண்ணா, ‘நாயகன்’ ‘காட்ஃபாதரை’ விடச் சிறந்த படம் என்று நான் சொன்னால் கல்லூரி நண்பர்கள் சிரிக்கிறார்கள். படத்தில் வருவது எங்கள் தெரு என்பதால் இது எனக்கு மானப் பிரச்சினை.

முதலில் தெருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தம்பி. நீங்கள் திரையில் பார்க்கும் தாராவியில் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் கலை இயக்குநர் தோட்டா தரணி போட்ட செட். உங்கள் ஊர்க்காரரே தன் சந்து என்று நம்பும்படி அது இருந்தது என்பதுதான் அவருக்குக் கிடைத்த தேசிய விருதின் பொருள்.

‘டைம்’ வார இதழுக்காக இரண்டு விமர்சகர்கள் 2005இல் தொகுத்த நூறு படங்களில் ‘காட்ஃபாதர்’ படங்களும் இருக்கின்றன, ‘நாயகனு’ம் இருக்கிறது. அந்த நூறுக்கு வரிசை எண் கிடையாது என்பதால் இரு தரப்புக்கும் அது உதவாது. ‘காட்ஃபாதரி’டம் ‘நாயகன்’ பட்ட கடனை மறைக்க வேண்டியதில்லை: மகனின் உடலைப் பார்த்துத் தகப்பன் உடையும் காட்சி இரண்டிலும் இருக்கிறது. பிராண்டோ குரலை அடக்கிக்கொள்கிறார். கமல் வாயைத் திறந்தும் அழுகை ஒழுங்காக வெளிவராமல் திணறுகிறார்.

லேபில் இருந்தவன் என்ற முறையில் நான் கவனிப்பது இருட்டை. ‘காட்ஃபாதரி’ல் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் மேலிருந்து ஒளி விழச்செய்து, கண்குழி தெரியாதபடி முகங்களை நிழலில் விட்டார். ‘நாயகனி’ல் பி. சி. ஸ்ரீராம் சன்னலிலிருந்தும் விளக்கிலிருந்தும் மட்டுமே ஒளி வருவதாகப் பாவித்து மற்றதையெல்லாம் கறுப்பாக விட்டுவிட்டார். இணையத்தில் உலவும் பிரதிகளில் யாரோ வெளிச்சத்தைக் கூட்டிவைத்திருப்பதால் அந்தக் கறுப்பு சாம்பலாகி, செட்டின் பலகை விளிம்புவரை தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒப்பிடுகிறவர் ஒரு படத்தைப் பார்த்திருக்கிறார், இன்னொன்றைப் பார்க்கவே இல்லை. எந்தப் பிரதி என்று உங்கள் நண்பர்களைக் கேளுங்கள்.

சயான்: 2022இல் சர்வதேச விமர்சகர் கூட்டமைப்பின் இந்தியக் கிளை வெளியிட்ட பத்துச் சிறந்த இந்தியப் படங்களில் தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. தென்னிந்தியா என்றாலே வடக்கத்தியாருக்கு இளக்காரம். இதை ஏன் யாரும் கேட்பதில்லை?

கேட்கலாம், ஆனால் பட்டியலைப் படித்துவிட்டுக் கேட்கலாம். ‘பதேர் பாஞ்சாலி’, ‘மேக தாக்க தாரா’, ‘புவன் ஷோம்’, ‘எலிப்பத்தாயம்’, ‘கடஷ்ராத்தா’, ‘கரம் ஹவா’, ‘சாருலதா’, ‘அங்குர்’, ‘ப்யாசா’, ‘ஷோலே’ என்பது வரிசை. நான்காவது மலையாளம், ஐந்தாவது கன்னடம். தெற்கின் மீது இளக்காரம் என்ற வாதம் அங்கேயே படுத்துவிடுகிறது.

எனக்குத் தோன்றும் முதல் காரணம் வாக்குச் சிதறல். வாக்களித்தவர்கள் முப்பது பேர். அவர்களில் ஆறு பேர் ஒரு தமிழ்ப் படத்தைச் சேர்க்க விரும்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ‘உதிரிப்பூக்கள்’ என்பார், ஒருவர் ‘வீடு’, ஒருவர் ‘அவள் அப்படித்தான்’, ஒருவர் ‘அந்த நாள்’, மற்ற இருவர் ‘16 வயதினிலே’யும் ‘நாயகனு’ம். ஆறு வாக்கும் ஆறு திசையில் போய்விடும். மலையாளத்தில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ‘எலிப்பத்தாயம்’ எடுத்த அடூர் கோபாலகிருஷ்ணன் என்றும் கன்னடத்தில் ‘கடஷ்ராத்தா’ எடுத்த கிரீஷ் காசரவள்ளி என்றும் வாக்குகள் ஒரு புள்ளியில் குவிய வாய்ப்பு அதிகம். நம்மிடம் அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு படம் இல்லை. இது நல்ல படங்களின் வறுமையால் வந்த நிலை அல்ல என்பது என் கருத்து.

முலுண்ட்: ‘நாயகன்’, ‘காட்ஃபாதர்’ இரண்டில் எது சிறந்தது?

தாராவி நண்பருக்கான பதிலைப் பார்க்கவும்.

சயான்: சிதறல் என்பது சமாளிப்பு. சத்யஜித் ராய்க்கும் பல படங்கள் உண்டு. அவருக்கு இரண்டு இடம் கிடைத்ததே?

நியாயமான கேள்வி. சிதறல் மட்டும் காரணமாக இருந்தால் ராயும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது காரணம் புழக்கம். ‘பதேர் பாஞ்சாலி’ 1956இல் கான் விழாவில் பரிசு பெற்றது முதல் துணைத்தலைப்புப் பிரதியாக நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தது. 1993இல் லண்டன் லேப் ஒன்றில் ஏற்பட்ட தீயில் அதன் மூல நெகட்டிவ் கருகியபோதும், கருகியதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, சட்டகம் சட்டகமாகச் சீர்செய்து 2015இல் மீண்டும் திரைக்குக் கொண்டுவர ஆள் இருந்தார்கள். ‘எலிப்பத்தாயம்’ 1982இல் லண்டன் விழாவில் சதர்லாந்து கோப்பை வென்றது. நம்முடைய சிறந்த படங்கள் பலவற்றுக்கு அந்தக் காலத்தில் நல்ல துணைத்தலைப்புப் பிரதியே வெளியூர் போகவில்லை. சிறந்த படத்துக்கான தேசிய விருதை முதன்முதலில் வென்ற தமிழ்ப் படம் ‘மறுபக்கம்’, அடுத்தது ‘காஞ்சிவரம்’. இரண்டின் இயக்குநர்களும் கேரளத்தவர்கள். இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதைச் சயான் நண்பருக்கே விட்டுவிடுகிறேன்.

வாஷி: குறுக்கிடுகிறேன், சார். கிடைக்காத படம் பட்டியலில் வராது என்கிறீர்கள். ‘வெர்டிகோ’ ஏறத்தாழ பத்தாண்டுகள் எங்கும் திரையிடப்படாமல் கிடந்தது. அந்தக் காலத்தில், 1982இல், அது முதல் பத்துக்குள் வந்ததே?

இந்தத் தொகுப்பிலேயே கூர்மையான கேள்வி இது. உரிமை ஹிட்ச்காக்கிடமே இருந்ததால் அந்தப் படம் அடைபட்டுக் கிடந்தது. 1980இல் அவர் மறைந்த பிறகுதான் மீண்டும் திரைக்கு வந்தது. ஆனாலும் வாக்களித்தவர்கள் அதை மறக்காமல் இருந்ததற்கு எழுத்து காரணம். விமர்சகர் ராபின் வுட் 1965இல் ஹிட்ச்காக்கைப் பற்றி ஒரு நூலே எழுதினார்; அடுத்த ஆண்டு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அவரைப் பேட்டி கண்ட நேர்காணல் நூல் வந்தது. படம் பெட்டியில் இருந்தாலும் அதைப் பற்றிய பேச்சு வெளியே நடமாடியது. நம் பக்கத்தில் திரைப்பட வரலாற்றாசிரியர் சு. தியடோர் பாஸ்கரன் போன்ற சிலர் அந்த வேலையைச் செய்தார்கள். ஆனால் ‘அந்த நாள்’ என்ற ஒரு படத்தை மட்டும் எடுத்து, அதன் ஒளியமைப்பையும் பாடலே இல்லாத அதன் துணிச்சலையும் அலசும் முழு நூலைக் காட்டுங்கள் என்றால் எத்தனை பேர் காட்டுவோம்? நடிகரின் வாழ்க்கை வரலாறு என்றால் அலமாரி நிறைய இருக்கிறது.

சயான்: ஆக, தப்பு நம் மீதுதான் என்று முடித்துவிட்டீர்கள்.

நம் மீதும் என்று சொன்னேன். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் உருவானது இந்த ஊரில்தான், அர்தேஷிர் இரானியின் ஸ்டூடியோவில். இன்று அதன் ஓர் அடிச் சுருள்கூட இல்லை. இரானியே இயக்கிய, இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வும் இல்லை. எனவே வடக்கு தெற்கு பார்த்து அழிவு வரவில்லை. அந்தக் கால நைட்ரேட் சுருள் தானாகவே தீப்பிடிக்கும், வெப்பத்தில் பிசினாகும். தப்பிய பிரதிகளைச் சுருளில் இருக்கும் வெள்ளிக்காக விலைக்குப் போட்டவர்களும் உண்டு. புனே திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தொடங்கப்படும்போது எடுத்துவைக்க மிச்சம் இருந்ததே கொஞ்சம். ‘எல்லாக் காலத்துக்கும் சிறந்த’ என்று தலைப்புப் போடும் எந்தப் பட்டியலும் உண்மையில் மிஞ்சியவற்றின் பட்டியல்.

காட்கோபர்: ‘ஷோலே’ வெறும் மசாலா. அது எப்படிப் பத்தாவது இடம்?

எழுபது எம்.எம். திரையில் பார்த்தீர்களா, கைப்பேசியிலா?

ஐரோலி: ‘நாயகன்’ பெரிதா, ‘காட்ஃபாதர்’ பெரிதா?

இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரமான படச்சுருள் டப்பாக்களில் வந்தவை. மேலே படிக்கவும்.

வாஷி: சார், வாக்குகள் சிதறுகின்றன என்பதை நாமே சோதித்துப் பார்த்தால் என்ன? குழு உறுப்பினர்கள் பத்துப் பத்துத் தமிழ்ப் படங்களைக் கொடுக்கட்டும்.

செய்யலாம். வரிசை எண் வேண்டாம், பத்துப் பெயர்களும் வெளியான ஆண்டும் போதும். ஒரே இயக்குநரின் படங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். கட்சி கட்டி ஒரே பட்டியலை நகலெடுத்து அனுப்பினால் ஒன்றைத்தான் எண்ணுவேன். சயான் நண்பரைக் குறிவைத்துச் சொல்லவில்லை. அடுத்த திரையிடல் அன்று, படம் தொடங்குவதற்கு முன் சீட்டை என்னிடம் நேரில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கு எதிரிலும் திரையரங்கிலா, தொலைக்காட்சியிலா, இணையத்திலா, எதில் பார்த்தீர்கள் என்பதை எழுதுங்கள். அது எழுதப்படாத சீட்டு எண்ணிக்கையில் சேராது.